ஸ்கூலில் தங்கம், வீட்டில் தகரம்

கேள்வி: ஜூன் 18, 2024, இரவு 9:12

மூன்றாம் வகுப்புப் பையன். "இவனை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தால் எனக்குத் தலைவலியே இல்லை" என்கிறார் வகுப்பு டீச்சர். அதே பையன் நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பையை எறிகிறான். நேற்று தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு, தங்கச்சியை ஒரு மிதி மிதித்து, அப்புறம் அரை மணி நேரம் அழுகை. என் வாதம் இதுதான்: அங்கே ஏழு மணி நேரம் அடங்கி இருந்தவனுக்கு இங்கே பத்து நிமிஷம் அடங்க முடியாதா? முடியும். மாட்டேன் என்கிறான். இது கஷ்டம் இல்லை, திமிர். மாமியார் செல்லம் என்கிறார். வீட்டுக்காரர் ஒரு அடி போட்டால் சரியாகும் என்கிறார். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 18, இரவு 10:05

மறுக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 17 வருஷமாக டீச்சர் வேலை. எனக்கும் மூன்றாம் வகுப்பில் ஒருத்தன் இருக்கிறான், படிப்பது வேறு பள்ளி. உங்கள் வீட்டில் தோசை, என் வீட்டில் பென்சில் முனை. மற்றதெல்லாம் அச்சு அசல்.

"அங்கே முடிந்தது, இங்கே முடியாதா" என்பது பார்க்கக் கணக்கு மாதிரி இருக்கிறது. தண்ணீர் லாரியில் அஞ்சு குடம் பிடித்து மாடிக்கு ஏற்றியவள் ஆறாவது குடத்தை வாசலில் நழுவவிட்டால், அஞ்சு தூக்கினவளுக்கு ஆறு தூக்கத் தெரியாதா என்று யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க அடக்கி அடக்கி பேட்டரி இறங்கிப்போய் வருகிறான். சார்ஜர் வீட்டில்தான் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அடியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். மாவு ஆட்ட வேண்டும்.

ஜூன் 20, காலை 6:10

மூளையைப் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். கோபத்தையும் பயத்தையும் கிளப்புகிற பகுதி சின்ன வயதிலிருந்தே மும்முரமாக ஓடுகிறது. "இரு, யோசி" என்று இழுத்துப் பிடிக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். எட்டு வயதில் மாடு தயார், மூக்கணாங்கயிறு இன்னும் திரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக எட்டு வயதுக்கு ஒன்றுமே முடியாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வயதில் கடைவீதியில் புரண்டவன் இப்போது புரள்வதில்லை. கயிறு கொஞ்சம் இருக்கிறது. எப்போது அறுகிறது என்பதுதான் கேள்வி. ஒரு நோட்டு வாங்கி மூன்று வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள். நானும் எழுதுகிறேன்.

ஜூலை 14, பிற்பகல் 3:30

நோட்டு முடிந்தது. என் வீட்டில் மூன்று வாரத்தில் 19 தடவை. அதில் 13, நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். 4 தடவை காலையில், வேன் வருவதற்கு முன். சனி ஞாயிறு எல்லாம் சேர்த்து வெறும் 2. நான் "எப்பப் பாத்தாலும் கத்துறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்பப் பார்த்தாலும் இல்லை. நான் பார்க்கிற நேரத்தில் கத்துகிறான்.

எழுத எழுத, எழுதாத விஷயமும் கண்ணில் பட்டது. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. ஏன்டா என்றால் பதில் இல்லை. நாலாம் நாள், தலை துவட்டும்போது தானாகச் சொன்னான்: தண்ணி குடிச்சா ஒன்னுக்குப் போகணும், அங்க நாறும். ஆக காலை ஏழே காலிலிருந்து சாயங்காலம் நாலரை வரை பையன் ஒரு மடக்குத் தண்ணீருடன் இருக்கிறான், அதுவும் ஜூலை வெயிலில். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். செய்தியில் பார்த்து அப்போது சிரித்தேன், இதற்கும் ஒரு மணியா என்று.

தூக்கம் இன்னொன்று. 6 முதல் 12 வயது வரைக்கும் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்னது. இவன் படுப்பது பத்தரை, எழுப்புவது ஐந்தே முக்கால். ஏழே கால் மணி நேரம். சீரியல் பார்ப்பது அவன் இல்லை, நாங்கள்.

ஜூலை 16, இரவு 11:20

முதல் நாள் எழுதிய பேட்டரிக் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

அந்தக் கருத்து 1998-இல் பிரபலமானது. அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் வாசனைக்கு நடுவில் முள்ளங்கியை மட்டும் தின்னச் சொன்னார்கள் சிலரை. பாவம், தின்றார்கள். அப்புறம் தீராத புதிர் ஒன்றைக் கொடுத்தபோது அவர்கள்தான் சீக்கிரம் கைவிட்டார்கள். மன உறுதி செலவழிந்து தீர்கிற சரக்கு என்று முடிவு கட்டினார்கள். 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வேறு ஒரு பயிற்சியை வைத்து அதே கருத்தைச் சோதித்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டி நின்றது. எனவே "அடக்கி அடக்கித் தீர்ந்துவிட்டது" என்று நான் அடித்துச் சொன்னது தப்பு.

அப்படியானால் நாலரை மணிக்கு என்னதான் ஆகிறது? பசி, தாகம், தூக்கம், அடக்கிய மூத்திரம் எல்லாம் நிஜம், அவற்றுக்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை. அதற்கு மேல், என் பள்ளியில் நானே பார்த்தது ஒன்று. வகுப்பு டீச்சர் லீவு போட்ட நாளில் போய்ப் பாருங்கள். தங்கமெல்லாம் பெஞ்சு மேல் நிற்கும். அதே பிள்ளைகள், அதே மூளை. இல்லாமல் போனது மணி, வரிசை, அடுத்து என்ன என்ற ஒழுங்கு, டீச்சரின் ஒரு பார்வை, பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் 42 பேர். பள்ளியில் அவன் தன்னை அடக்கிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அந்தக் கட்டடம் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. வேனிலிருந்து இறங்கியதும் தாங்கலை எடுத்துவிடுகிறோம்.

வீட்டில் நாலரைக்கு என்ன ஒழுங்கு இருக்கிறது? என் வீட்டில் ஒன்றும் இல்லை. நானே அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருப்பேன்.

ஜூலை 21, மாலை 5:50

இப்போதுதான் ஒன்று ஓய்ந்தது. சூட்டோடு எழுதுகிறேன்.

மைக்கேல் போட்டிகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்று இரண்டு பேர் 2003-இல் சின்னக் குழந்தைகளின் அடத்தை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை. கோபமும் துக்கமும் ஒன்றாகக் கலந்திருந்தாலும் ஓடுகிற விதம் வேறு. கத்துவது, உதைப்பது, எறிவது சட்டென்று ஏறி, முன்பாதியிலேயே உச்சம் தொட்டு இறங்கிவிடும். அழுகையும் சிணுங்கலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், கோபம் வடிந்தபின் அதுதான் மிஞ்சும். முக்கால்வாசி அடங்கள் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டன.

என் பையனுக்கு எட்டு வயது, அந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் வரிசை அதேதான். கத்தல் முன்னால், அழுகை பின்னால். நான் செய்துவந்த தப்பு இங்கேதான் தெரிந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்பேன்: இப்ப என்ன ஆச்சு? எதுக்குக் கத்துற? பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க? ஒவ்வொரு கேள்விக்கும் அவன் ஒரு படி மேலே ஏறுவான். இன்று வாயைக் கட்டிக்கொண்டு, தங்கச்சியை மட்டும் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன். அழுகை தொடங்கியதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியில் படுத்துவிட்டான். மொத்தம் ஒன்பது நிமிஷம், வழக்கம் அரை மணி.

இதை வெற்றி என்று எழுத வரவில்லை. நாளைக்கு எப்படியோ.

ஜூலை 22, காலை 7:20

எப்படியோ என்று நேற்று எழுதினேன் அல்லவா. இன்று ஷூ லேஸ். இருபத்தைந்து நிமிஷம். இன்னும் நாளே தொடங்கவில்லை, எனக்குக் கை நடுங்குகிறது.

ஜூலை 28, இரவு 8:45

"உணர்ச்சிக்குப் பேர் வைக்கச் சொல்லிக்கொடுங்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களை ஸ்கேனில் படுக்க வைத்து, கோபமும் பயமுமான முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அமிக்டலாவின், அதாவது கோபத்தையும் பயத்தையும் கிளப்புகிறது என்று சொன்னேனே அந்தப் பகுதியின், பதைப்பு குறைந்தது. பேர் வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது.

ஆனால் என்ன பேர் வைக்கிறோம்? பையன் பள்ளிச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது: ஹாப்பி, சாட், ஆங்க்ரி, ஸ்கேர்ட். நாலு மஞ்சள் வட்டம். பையனின் ஆச்சிக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடம் என்றால் ஒரு பொருள் வேண்டும். வீம்பு என்றால் அந்தப் பொருள் இப்போது வேண்டாம், ஆனால் இறங்கி வர முடியவில்லை. ரோஷம் என்றால் யாரோ மட்டம் தட்டிவிட்டார்கள். பொருமல் என்றால் அநியாயம் நடந்துவிட்டது, சொல்ல இடமில்லை. கடுப்பு பாதி களைப்பு. சிணுங்கலுக்குத் தூக்கம் போதும். இதை எல்லாம் "ஆங்க்ரி" என்ற ஒரே டப்பாவில் போட்டால் எதைத் திறப்பது? வீம்புக்காரனுக்கு அந்தப் பொருளைக் கொடுத்தால் இன்னும் கோபம் வரும். அவனுக்குத் தேவை மானம் போகாமல் இறங்க ஒரு ஏணி.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு சொல்லி ஒவ்வொன்றுக்கும் நாலு காரணம் தருகிறது. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடம்பில் கை வைப்பது, குடும்பத்துக்குக் கேடு செய்வது, அலைக்கழிப்பது, கொல்வது. அழுகைக்கு முதல் காரணம் இளிவு, பிறர் இகழ்ச்சிக்கு ஆளாவது. என் பையனின் நோட்டை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். தங்கச்சி அவன் ரப்பரைக் கடித்ததைக் குடிகோளில் சேர்க்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் சிரித்து முடித்தபின் கவனித்தேன், பென்சில் முனை உடைந்த அன்று வகுப்பில் கையெழுத்துக்காக அவன் நோட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். வெகுளி பென்சில் மேல் வந்தது. காரணம் இளிவு.

ஆகஸ்ட் 4, மாலை 6:15

பேர் வைக்கும் சோதனையின் முடிவு. தட்டு பறக்கும் நேரத்தில், பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்த இனிய குரலில், "கண்ணு, நீ இப்போ கோபமா இருக்கே" என்றேன்.

"நான் கோபமா இல்லைஐஐ!"

தெருமுனை டீக்கடை வரை கேட்டிருக்கும். பேரெல்லாம் அப்புறம், சாப்பிட்டு முடித்து, விளக்கணைத்துப் படுத்திருக்கும்போது. அப்போது அவனே சொன்னான்: "முதல்ல கடுப்பு, அப்புறம் வீம்பும்மா."

ஆகஸ்ட் 11, பிற்பகல் 2:00

செல்போன் பற்றிக் கேட்டவருக்கு. கொடுத்தால் உடனே அடங்குகிறான், அதனால் கொடுக்கிறேன் என்கிறீர்கள். அமெரிக்காவில் ஓரிகானில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் குடும்பங்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி இதைத்தான் கவனித்தார். அம்மா ஒன்று சொல்கிறாள், பையன் கத்துகிறான், அம்மா விட்டுக்கொடுக்கிறாள், கத்தல் நிற்கிறது. பையன் கற்றது: கத்தினால் நடக்கும். அம்மா கற்றது: விட்டுக்கொடுத்தால் நிம்மதி. இரண்டு பேருக்கும் பரிசு கிடைத்துவிட்டது, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாக நடக்கும். இந்தச் சுழலைத்தான் 1982-இல் விரிவாக எழுதினார்.

நாம் பேசாத மறுபாதி ஒன்று உண்டு. நான் அவனைவிடப் பெரிதாகக் கத்தினாலும் அவன் கத்தல் நிற்கும். அப்போது பரிசு எனக்கு. கத்தக் கற்றுக்கொண்டிருப்பது நானும்தான்.

என் வீட்டில் செல்போனை அலமாரி மேல் வைத்த முதல் வாரம் இதுவரை இல்லாத கூத்து. அது குறையும் முன் ஏறும், தெரிந்துகொண்டு இறங்குங்கள். நடுவில் ஒரு நாள் கொடுத்துவிட்டால், எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 19, இரவு 10:40

அடி. இரண்டு மாதமாகத் தள்ளிப்போடுகிறேன்.

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்" என்று எழுதியவருக்கு: நானும் வாங்கினேன். பிரம்பு, ஸ்கேல், ஒரு தடவை கரண்டி. பள்ளியில் அதற்கு இப்போது இடமில்லை, கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனை, மன உளைச்சல் தருவது இரண்டையும் தடுக்கிறது. வீட்டுக்குள் அந்தப் பிரிவு வராது. போன வியாழக்கிழமை நான் அவனை அறைந்தேன். கன்னத்தில். உடனே அமைதியாகிவிட்டான். அந்த அமைதியைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டவரின் வீட்டுக்காரர் சரியாகும் என்கிறார்.

1990-களில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் அருவருப்பான படத்துண்டுகளைக் காட்டி, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள். முகம் அடங்கியது. உள்ளே இருந்த உணர்ச்சி குறையவில்லை, வியர்வைச் சுரப்பி போன்ற சில அளவுகளில் உடலின் பதற்றம் ஏறியே இருந்தது. அது பெரியவர்கள், யாரும் அடிக்கவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை இரவு அவன் தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, நீ கடுப்புல இருந்த" என்றான். நான் எதிர்பார்த்த பதில் இல்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 20, காலை 6:00

தலையணையைக் குத்தச் சொல்லலாமே என்று கேட்டவர்: செய்தாயிற்று. கோபம் வந்தால் குத்து என்று பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கொடுத்தேன். குத்தினான். கோபம் கூடியது. தலையணை பிய்ந்தது. வீடு முழுக்கப் பஞ்சு. அதைக் கூட்டும்போது எனக்குக் கோபம் வந்தது. பிராட் புஷ்மன் 2002-இல் இதையே பெரியவர்களிடம் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தில்தான் இருந்தார்கள். நான் முதலில் படித்திருந்தால் தலையணை மிஞ்சியிருக்கும்.

செப்டம்பர் 8, மாலை 4:30

"இது வியாதியா" என்று பலர். கேள்வி கேட்டவரின் பையனைப் பொறுத்தவரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் கோடு எங்கே போடுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்-5 2013-இல் வந்தபோது, கட்டுக்கடங்காத எரிச்சல் உள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு புதுப் பெயர் சேர்த்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக மூன்று தடவைக்குக் குறையாமல் வெடிப்பு, குறைந்தது 12 மாதம், வீடு, பள்ளி, நண்பர்கள் என்ற மூன்றில் இரண்டு இடத்திலாவது. இன்னும் முக்கியம், வெடிப்புக்கு இடைப்பட்ட நேரத்திலும் ஏறக்குறைய தினமும் எரிச்சல். 6 வயதுக்கு முன் இந்தப் பெயரை முதன்முதலாகச் சூட்டக் கூடாது. நம் ஆட்கள் வீட்டில் மட்டும் வெடிக்கிறார்கள், ஆறு மணிக்கு மேல் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது சுவாரசியம். அதற்கு முன் அமெரிக்காவில் எரிச்சல்காரப் பிள்ளைகளை இருதுருவ மனநோய் என்று முத்திரை குத்தத் தொடங்கியிருந்தார்கள். 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையில் அந்தக் காரணத்துக்காகப் பிள்ளைகள் மருத்துவரிடம் போனது சுமார் 40 மடங்கு ஆனது. அதைத் தடுக்கத்தான் வேறு டப்பா. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 அந்தத் தனி டப்பாவை ஏற்கவில்லை, எதிர்த்து நிற்கும் நடத்தைக் கோளாறுக்குள் ஒரு வகையாக வைத்துவிட்டது. பெயரில் பெரியவர்களுக்கே ஒத்துப்போகவில்லை. அதனால் கூகுளில் பார்த்து உங்கள் பிள்ளைக்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள்.

ஆனால் கோபத்துக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கலாம். என் பழைய ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் சத்தமாக வாசிக்கும் முறை வரும்போதெல்லாம் பக்கத்துப் பையனை அடிப்பான். வெளியே நிற்க வைப்போம். ஒரு வருஷம் முழுக்க வெளியே நிற்க வைத்தோம். அவனுக்கு வாசிப்பதில் கற்றல் குறைபாடு இருந்தது. 'மக்கு' என்று பேர் வாங்குவதைவிட 'ரௌடி' என்று பேர் வாங்குவது மேல் என்று ஒன்பது வயதில் முடிவெடுத்திருந்தான். கண்டுபிடித்தது நான் இல்லை, எனக்குப் பின் வந்த டீச்சர். கவனம் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத ஏ.டி.எச்.டி, ஆட்டிசம், பதற்றம், மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் அடினாய்டு பிள்ளையின் அரைத் தூக்கம், எதுவும் நாலரை மணிக் கோபமாக வந்து நிற்கலாம். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துகிற அளவுக்குப் போனால், சாகிறேன் என்ற பேச்சு வந்தால், நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

செப்டம்பர் 15, இரவு 9:00

மூன்று மாதமாக எல்லாரும் பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கவனித்தீர்களா?

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. சத்தமே கிடையாது. ரப்பர் முழுக்கப் பென்சில் குத்திய ஓட்டை. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. நானே அவள் அம்மாவிடம் "தங்கமான பிள்ளை" என்று சொல்லியிருக்கிறேன். கரோலின் சார்னி 1984-இல் பிள்ளைகளுக்குப் பிடிக்காத பரிசைக் கொடுத்து முகத்தைப் பார்த்தார். பெரிய பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள்தான், சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு கோபம்" என்று நாம் சொல்லி வளர்ப்பதை அது அமெரிக்கப் பிள்ளைகளிடமே காட்டியது. அடக்க முடியாதது மட்டும் கஷ்டம் இல்லை. அடக்குவதைத் தவிர வேறு தெரியாததும் அதே கஷ்டம்தான், தட்டு மட்டும் உடைவதில்லை, அதனால் யாரும் கேள்வி எழுதுவதில்லை.

வெள்ளிக்கிழமை அவளிடம் "ரப்பருக்கு என்னாச்சு" என்று கேட்டேன். "கீழ விழுந்துருச்சு டீச்சர்" என்றாள்.

அக்டோபர் 13, பிற்பகல் 12:15

காலாண்டு லீவு முழுக்கச் சமத்து. பள்ளி திறந்த அன்று நாலு முப்பத்தைந்துக்குப் பை பறந்தது. கேள்வி கேட்டவரும் அதையே எழுதியிருக்கிறார், கூடவே "அப்படியானால் பள்ளிதான் காரணம்" என்று. இருக்கலாம், ஆனால் லீவில் நானும் வீட்டில்தான் இருந்தேன்.

அதைத்தான் எழுத வந்தேன். ஒருவர் "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்று குறளை எடுத்துப் போட்டு, பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதியிருந்தார். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள். கோபம் பலிக்கிற இடமான செல்லிடத்தில் காப்பவன்தான் காப்பவன், பலிக்காத இடமான அல்லிடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன. பையனுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அன்று பகலில் தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் என் பதிவேட்டைத் தூக்கிப்போட்டிருந்தார். "சரிங்க சார்" என்றேன். ஏழு மணி நேரம் தங்கமான டீச்சர். நாலே முக்காலுக்கு வாசலில் ஷூ கிடந்ததற்கு நான் போட்ட சத்தத்தில் தங்கச்சிப் பாப்பா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். தலைமையாசிரியர் அல்லிடம். என் பிள்ளைகள் செல்லிடம். கேள்வி கேட்டவரின் முதல் வாதத்தை என் மேல் வைத்துப் பாருங்கள்: அங்கே ஏழு மணி நேரம் முடிந்தவளுக்கு இங்கே பத்து நிமிஷம் முடியாதா? திமிர்தானே?

எனக்கு அது திமிராகத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

அக்டோபர் 14, இரவு 10:00

நேற்று எழுதியதில் கொஞ்சம் நாடகம் கூடிவிட்டது. எனக்கு 41 வயது, அவனுக்கு 8. மூக்கணாங்கயிறு எனக்குத் திரித்தாகிவிட்டது. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தது அவனுக்கு நியாயம், எனக்குச் சலுகை.

நவம்பர் 10, மாலை 7:20

இப்போது நடப்பது. கேட்டவர்களுக்காக மட்டும், இது வைத்தியம் இல்லை.

நாலரைக்கு வந்ததும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. என்ன நடந்துச்சு, ஹோம்வொர்க் என்ன, மார்க் எவ்வளவு, எதுவும் ஐந்தரை வரை கிடையாது. ஆச்சி ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு கடலை மிட்டாயும் நீட்டுவார். நம்ம ஊர் மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, இந்த வேலைக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் கழிவறை. அப்புறம் குளியல். வரிசை மாறுவதில்லை, மணி இல்லாவிட்டாலும் ஒரு மணி மாதிரி. படுப்பது ஒன்பது, சீரியல் போயிற்று, ஆச்சிக்கும் எனக்கும் அதில் தனிச் சண்டை.

நான் வண்டியை வாசலில் நிறுத்தி, ஐந்து நிமிஷம் அதன்மேல் சும்மா உட்கார்ந்துவிட்டு உள்ளே போகிறேன். ஹெல்மெட்கூடக் கழற்றுவதில்லை. முதல் வாரம் எதிர்வீட்டு மதினி வந்து, "வீட்ல ஏதும் பிரச்சினையா? எங்க வீட்ல வந்து உக்காரு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கினேன். இப்போது அவரும் மார்க்கெட்டிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்கிறார்.

புது நோட்டு, மூன்று வாரம்: 8. தங்கச்சிக்கு நாலு வயது ஆகிறது, அவள் கணக்கு தனி, அதை ஆரம்பிக்கவில்லை.

நவம்பர் 26, மாலை 5:40

இன்று தண்ணீர் பாட்டில் காலியாக வந்தது. ஜூன் மாதத்திலிருந்து முதல் தடவை. ஆச்சி திருஷ்டி கழிக்காத குறை. ஐந்தரை தாண்டட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

கிரவுண்டில் புதிதாக வேப்பங்கன்று வைத்திருக்கிறார்களாம். அதற்கு ஊற்றினானாம்.